ஜீவன் பார்க்குது

கழுத்து என்பது இவ்வளவுதானா என்று விடிந்ததிலிருந்து சபுராவின் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரே இழுப்புதான். தோலுக்குக் கொஞ்சம், குழாய்க்குக் கொஞ்சம், அப்புறம் புறங்கையில் சூடாகப் பீய்ச்சி அடித்த ரத்தம், நாலு கால்களும் காற்றில் ஓடிய ஓட்டம், முடிந்தது. வழக்கமாக அறுக்க வரும் பள்ளிவாசல் மோதினார் காய்ச்சலில் சுருண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வேறு. உத்தமபாளையத்தில் பாதி ஊர் கமால் ராவுத்தர் கடைக் கறிக்குத்தான் வரும். கமால் ராவுத்தருக்கோ, அதாவது அவளைப் பெற்ற அத்தாவுக்கு, பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ஆக, முப்பது வயதுக்கு மேல், முதல் தடவையாக, அவளே கிடாயின் முகத்தை மேற்கே திருப்பி, வாய் உலர பிஸ்மில்லா சொல்லி, இழுத்துவிட்டாள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். தண்ணீர் காட்டினாள். இன்னொரு கிடாயைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினாள். கத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் கிட்டே போனாள். அந்த விஷயத்தில் மட்டும் அத்தா யாருக்கும் சலுகை காட்டமாட்டார். சாணை பிடிப்பதுகூட ஆட்டுக் கொட்டடிக்குச் சத்தம் கேட்காத தூரத்தில்தான். "ஜீவன் பாக்குது, கத்திய மறை" என்பார். கடையில் வேலைக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் இந்த ஒரு சொல்லுக்காகத் திட்டு வாங்கியிருக்கிறார்கள். தப்பித்தவறி ஒரு ஆடு கத்தியைப் பார்த்துவிட்டால் அதை அன்றைக்கு அறுக்கவே மாட்டார். "அது ஒருதரம் செத்துருச்சுடா, இன்னொருதரம் சாகடிக்கச் சொல்றியா" என்று கயிற்றை அவிழ்த்து ஓட்டிவிடுவார், வாசலில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் சரி. இதில் எதையும் சபுரா மறக்கவில்லை. ஆனால் இழுத்து முடித்ததும் கையில் ஒரு லேசு வந்ததே, அதை அவள் எதிர்பார்க்கவில்லை. பாவம், அந்தக் கிடாய் அவளுக்கு என்ன கெடுதல் செய்தது, ஒன்றுமில்லை. கை மட்டும் ஏதோ பழைய வேலை ஒன்றை முடித்துவிட்ட மாதிரி லேசாகிவிட்டது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அது போகவில்லை.

வெயில் இப்போது கடை வாசலுக்கு வந்துவிட்டது. கொக்கியில் தொடை தொங்கியது, நெஞ்செலும்பு தொங்கியது, தலை ஓரமாகக் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. அவளுக்கு முன்னால் புளியங்கட்டை, கட்டைமேல் வெட்டுக்கத்தி ஏறி ஏறி இறங்கியது. கட்டைக்குப் பக்கத்தில், எட்டித் தொடும் தூரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டில் படுக்கவைத்துப் பார்த்தார்கள், மனுஷன் இடது கையால் சுவரை அடித்து அடித்துக் கடைக்குத் தூக்கிவரச் செய்துவிட்டார். பேச்சு போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, அதுதான் வேடிக்கை. எழுபது வருஷம் சேர்த்துவைத்த சொல்லை எல்லாம் வாரிக்கொண்டு போன அந்த நோய், ஒன்றே ஒன்றை மட்டும் வாசலில் சிந்திவிட்டுப் போயிருந்தது. "சாப்டியா." பசித்தாலும் சாப்டியா, ஒன்றுக்கு வந்தாலும் சாப்டியா, டாக்டர் ஊசி போட்டபோதும் அவரைப் பார்த்துக் கோபமாகச் சாப்டியா. டாக்டர் பயந்துபோய், "சாப்பிட்டேங்கய்யா" என்றார். இட்லிக்கடை பேச்சியக்கா இப்போது வரிசையின் முன்னால் நின்று, "நெஞ்செலும்பு நாலு கூடுதலாப் போடுத்தா, மூக்கப் புடிச்சுக்கிட்டு யோசிக்காத" என்றாள். அத்தா அவளையும் கேட்டார், "சாப்டியா?" "எங்க பாய், கடையில இட்லி வித்தாத்தான் எனக்குச் சோறு" என்று பேச்சியக்கா அவருக்கு எப்போதும்போல முழுசாகப் பதில் சொன்னாள். அதற்காகவே அவளுக்கு நாலு எலும்பு கூடப் போடலாம். சபுரா போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் வரிசையின் கடைசியில் கையில் வயர் கூடையோடு நின்றவனைப் பார்த்தாள். தாஜுதீன். அவளைக் கட்டியிருந்தவன். வெட்டுக்கத்தி பாதி வழியில் நின்று, அப்புறம் இறங்கி, எலும்பைத் தவறவிட்டுக் கட்டையில் குத்தி நின்றது. அதைப் பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் அடிப்பான், அப்புறம் கையைச் சட்டையில் துடைக்கமாட்டான், அவள் முந்தானையில் துடைப்பான். முன்னால் இன்னும் எத்தனை பேர், மூன்று பேர், மூன்று பேருக்கு வெட்டிப்போட எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் மழை வரலாம், அவனுக்குப் போன் வரலாம், பஸ் ஏதாவது பிரேக் பிடிக்காமல் வந்து அவன்மேல், ஆனால் அந்தச் சந்தில் பஸ் வராது. கை வேலையைப் பார்த்தது. தொடையிலிருந்து ஒரு துண்டு, அதை இரண்டாக்கி, நாலாக்கி. வத்தலக்குண்டில் அவன் வீட்டில் ஜன்னலோரம் அயர்ன் பாக்ஸ் இருக்கும். தேய்க்கிற மேஜை. மல்லிகைத் தோட்டம் பக்கத்தில்தான், சாயங்காலம் வாசம் வரும், இன்றைக்கும் யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு கடைக்கு வந்தால் அவளுக்குத் தோல் கருகுகிற நாற்றம்தான் முதலில் வரும். முழங்கைக்கு மேலே. ரவிக்கைக் கை மறைக்கிற இடமாகப் பார்த்து வைத்தான். அவ்வளவு நிதானம். மடிப்பு ஒன்று கலைந்து இருந்ததாம். வைத்து, எடுக்கவில்லை, எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், அவள் எப்போது கத்துவாள் என்று. அவள் கத்தவில்லை. கத்தினால் அவனுக்குச் சந்தோஷம் என்று அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. தலையைச் சுவரில் மோதுவது, முடியைக் கையில் சுற்றி இழுப்பது, இடுப்பில் மிதிப்பது, எல்லாம் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது, பிள்ளை இல்லை என்பது காரணம், குழம்பில் உப்பு என்பது காரணம், காரணம் கிடைக்காத நாளில் ஏன் இப்படிப் பயந்து சாகிறாய் என்பது காரணம். முன்னால் நின்ற பெரியவர், "கொழுப்பு இல்லாம போடும்மா" என்றார். கொழுப்பைச் சீவினாள். சீவச் சீவக் கழுத்து ஞாபகம் வந்தது. அவன் கழுத்தில் வலது பக்கம் ஒரு மச்சம் உண்டு, பேசும்போது மேலும் கீழும் ஏறி இறங்கும், படுக்கையில் அவன் தூங்கும்போது அதையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அப்போது தெரியாது. இன்றைக்குக் காலையிலிருந்துதான் தெரியும், அந்த இடத்தில் தோல் எவ்வளவு மெலிசு என்று.

யாருக்கும் அவள் சொல்லவில்லை. போனில் அத்தா தினமும் கேட்பார், "சாப்டியாத்தா?" அவள் தினமும் சொல்வாள், "சாப்ட்டேன்த்தா." அந்தக் குரலில் அவருக்கு என்ன கேட்டதோ, ஒருநாள் கடையைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு வத்தலக்குண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். குளித்திருந்தார். அதுதான் அத்தா. அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கறிக்கடைக்காரன் மகள் என்று ஒதுங்கியதை ஒருநாள் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் மனுஷன் பள்ளிக்கூட வாசலுக்கு வருவதென்றால் சீயக்காய் போட்டு, சோப்புப் போட்டு, மறுபடியும் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு, சலவை வேட்டியில், மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்பார். அம்மா போன பிறகு தலைவாரிப் பின்னிவிட்டதும் அந்தக் கைதான். ஆட்டின் முதுகெலும்பைப் பிளக்கிற கை, சிக்கெடுக்கும்போது ஒரு முடி வலித்தால், "வலிச்சுச்சா, வலிச்சுச்சா" என்று நடுங்கும். ரெட்டைச் சடையில் ஒன்று மேலே ஏறி ஒன்று கீழே இறங்கித்தான் இருக்கும், அதையும் அவள் பெருமையாகத்தான் ஆட்டிக்கொண்டு போவாள். சுட்ட ஈரல் ஒரு துண்டு எப்போதும் அவளுக்கென்று வாழையிலைக் கிழிசலில் இருக்கும், ஊரில் பெரிய மனுஷன் வந்து கேட்டாலும் அது விலைக்கு இல்லை. ஒரு பக்ரீத்துக்குப் பள்ளிவாசல் ஹஜ்ரத், மகனை அறுக்கத் துணிந்த இப்ராஹீம் நபி கதையைச் சொல்லக் கேட்டுவிட்டு வந்து, ராத்திரிச் சோறு இறங்காமல், "அத்தா, அல்லா கேட்டா என்னையும் அறுத்துருவீங்களா" என்று அவள் கேட்டபோது அவர் கையிலிருந்த சோற்றை அப்படியே தட்டில் போட்டார். ரொம்ப நேரம் யோசித்தார். "கேக்க மாட்டான்த்தா. அப்படியே கேட்டாலும் எனக்குக் காது கேக்கலன்னு இருந்துக்குவேன்" என்றார். உடனே பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு அஸ்தஃபிருல்லா, அஸ்தஃபிருல்லா என்று ஏழெட்டுத் தடவை மன்னிப்புக் கேட்டார். ஐந்து வேளை தொழுகிற மனுஷன். அவளுக்காக அன்றைக்கு அல்லாவிடமே கொஞ்சம் முரண்டு பிடித்துப் பார்த்தார். அவரை நினைக்கும்போது இந்த உலகத்தில் தான் கொடுத்துவைத்தவள் என்று அவளுக்குத் தோன்றும், தோன்றியது இப்போதும், கத்தியைப் பிடித்த கையோடு.

அன்றைக்கு வத்தலக்குண்டு வாசலில் அவர் அவளுடைய கையைப் பார்த்தார். ரவிக்கைக் கைக்குக் கீழே வழிந்திருந்த புண் நீரைப் பார்த்தார். கேட்டது ஒரே கேள்விதான். "சாப்டியாத்தா?" "சாப்ட்டேன்த்தா" என்றாள், அப்போதுகூட. "கெளம்பு" என்றார். செருப்புகூடப் போடவில்லை. தாஜுதீன் உள்ளேயிருந்து வந்து என்னென்னவோ கத்தினான், அவள் வாசற்படியில் கால் வைத்தபோது இரும்புக் கதவைப் பிடித்து அவள்மேல் ஓங்கி அறைந்தான். தலைக்கு வந்திருக்க வேண்டியது. அத்தாவின் இடது கை நடுவில் வந்தது. வலது கையில் மஞ்சள் பை இருந்ததால் இடது கை. கதவு மூடவில்லை, ஒரு சத்தம் கேட்டது, நெஞ்செலும்பை உடைக்கும்போது கேட்கிற சத்தம், சுண்டுவிரலில் பாதி அந்தப் பக்கம் விழுந்தது. அத்தா கத்தவில்லை. அவரும் கத்தவில்லை. தேனிக்கு வருகிற பஸ்ஸில் ரத்தத்தைக் கட்டத் துணி தேடி அவள் மஞ்சள் பையைத் திறந்தாள். உள்ளே பழைய கைலி, கைலியைப் பிரித்தால் அறுக்கிற கத்தி. புதுசாகச் சாணை பிடித்தது. கைலியைக் கிழித்து விரலைக் கட்டினாள், கத்தி மடியில் கிடந்தது, பஸ் குலுங்கும்போதெல்லாம் அது அவள் தொடையில் ஜில்லென்று பட்டது. "இதக் கையில வச்சுக்கிட்டா நின்னீங்க? அவன் இப்படிப் பண்ணியும் ஏன்த்தா எடுக்கல?" என்று கேட்டாள். அவர் பதில் சொன்னார். அந்தப் பதில் அன்றைக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை, சாக்கு என்று தோன்றியது. வயசான மனுஷன் பயந்துவிட்டார், சரி, போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். விரல் என்ன ஆச்சு என்று ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம், "தொழில்ல போச்சு" என்றார். ஜமாத்தில் வைத்துப் பேசிப் பிரித்துவிட்டபோதும் விரலை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஏன் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இன்றைக்கு அந்த வெள்ளைச் சட்டை வரிசையில் நின்றிருக்காது, அவளும் ராத்திரிகளில் கதவு அறைகிற சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்திருக்கமாட்டாள், அத்தா ஜெயிலில் இருந்திருப்பார், ஜெயிலில் பக்கவாதம் வந்திருக்கும், யார் அள்ளிப் போட்டிருப்பார்கள், ஆனாலும் ஏன் எடுக்கவில்லை. கட்டையில் கறி நைந்துபோகிற அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். "கொத்துக்கறி கேக்கலம்மா" என்றார் பெரியவர்.

அவருக்கு வேறு துண்டு போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அடுத்த இரண்டு பேருக்கும் கொடுத்தாள். இப்போது கட்டைக்கு அந்தப் பக்கம் தாஜுதீன், அவனுக்குப் பின்னாலும் ஆள் சேர்ந்திருந்தது. பேச்சியக்கா இன்னும் போகவில்லை, எலும்பைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுபோல ஓரமாக நின்றிருந்தாள். அத்தர் வாசம் ரத்த வாசத்தைத் தாண்டி வந்தது. அவன் முதலில் நாற்காலிப் பக்கம்தான் திரும்பினான். "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. முடியலைன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல." அத்தா அவனையே பார்த்தார். உதடு கோணி, எச்சில் வழிய, வந்தது ஒரே சொல்தான். "சாப்டியா?" தாஜுதீனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, பெரிய மனுசன் பெரிய மனுசன்தான். மாமாவுக்கே எம்மேல கோவமில்ல" என்றான் சபுராவிடம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றிலிருந்து, வாந்தி வருகிற இடத்திலிருந்து. "எவ்வளவு வேணும்?" என்றாள். "கறி கெடக்கட்டும்" என்றான். வரிசையில் பின்னால் யாரும் கேட்கக் கூடாது என்று இடது கையைக் கட்டைமேல் ஊன்றி, கறித்துண்டுகளுக்கு நடுவே, குனிந்தான். "ஒரு பொம்பள கத்தியப் புடிச்சுக்கிட்டு நடுச்சந்தியில நின்னா ஊரு என்ன பேசும்? ஆம்பள இல்லாத கடை ஒரு கடையா? நான் வந்து பாத்துக்கிறேன். ஹஜ்ரத்துக்கிட்டப் பேசி மறுபடியும் நிக்காஹ் வச்சுக்கலாம். பழசையெல்லாம் மறந்துரு. நான் மறந்துட்டேன்." அவன் மறந்துவிட்டானாம். குனிந்திருந்த கழுத்தில் மச்சம் ஏறி இறங்கியது. ஒரு சாண் தூரம். கொஞ்சம் பவுடர் போட்டிருந்தான், வேர்வையில் திட்டுத்திட்டாக இருந்தது. காலையில் கையில் வந்த லேசு திரும்ப வந்தது. ஒரே இழுப்புதான், அவளுக்கு இப்போது தெரியும், தோலுக்குக் கொஞ்சம், குழாய்க்குக் கொஞ்சம், அப்புறம் அந்த வெள்ளைச் சட்டை முழுக்க. அவன் கால்களும் காற்றில் ஓடும். அவன் கண் ஓரமாகத் தலைக்கறி பக்கத்திலேயே திறந்து கிடக்கும். அப்புறம் இரும்புக் கதவு எதுவும் எந்த ராத்திரியும் அறையாது. "மொதல்ல அதக் கீழ வையி" என்றான், அவள் கையில் இருந்ததைக் கண்ணால் காட்டி. சபுரா வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் கிடந்த அறுக்கிற கத்தியை எடுத்தாள், கீழே குனிந்து துணியை எடுப்பதுபோல, அவன் பார்க்காமல், எடுத்து, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். தாஜுதீன் அவளுடைய காலியான கையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

அவனுக்குத் தெரியாது. வரிசையில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் அடுத்து என்ன என்று அவருக்குத் தெரியும், எழுபது வயதுக்குள் ஆயிரக்கணக்கான தடவை செய்தவர். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. சபுரா திரும்பவில்லை, வாய்க்குள் பிஸ்மில்லா ஓடத் தொடங்கிவிட்டது, அய்யோ இதற்கா அதைச் சொல்கிறேன், நாக்கு தானாகச் சொன்னது, கை முதுகிலிருந்து நகரத் தொடங்கியது, அப்போதுதான் கட்டைமேல் தொப்பென்று ஒரு கை வந்து விழுந்தது. அத்தாவின் இடது கை. ஆள் பாதி நாற்காலியிலும் பாதி கட்டையிலுமாகச் சரிந்து கிடந்தார், நாற்காலி சாய்ந்து நின்றது, தாடையில் கறி ஒட்டியிருந்தது. அந்தக் கை தாஜுதீனின் கைக்குப் பக்கத்தில், அவளுக்கும் அவன் கழுத்துக்கும் நடுவில், உள்ளங்கை கீழே பதிய விரிந்து கிடந்தது. நாலு விரலும் ஒரு பாதியும். மறந்துவிட்டேன் என்று சொன்ன தாஜுதீன் அந்தப் பாதியைப் பார்த்தான். சூடு பட்டவன் மாதிரி தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். அத்தா அவனைப் பார்க்கவில்லை. கழுத்தை முறுக்கி அவளைத்தான் பார்த்தார், கண் மட்டும் நேராக இருந்தது, கோணிப்போன முகத்தில் அந்தக் கண் மட்டும் பழைய அத்தா. அந்த இடது கைதான் அவருக்கு மிச்சம். சாப்பிட, துடைக்க, அவள் தலையைத் தடவ, எல்லாவற்றுக்கும் இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் மறுபடியும் நடுவில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். அன்றைய தேனி பஸ் அவளுக்குள் மறுபடியும் குலுங்கியது. மடியில் கத்தி ஜில்லென்று பட்டது. ஏன்த்தா எடுக்கல என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், கைலித் துணி ரத்தத்தில் ஊறிக்கொண்டே இருந்தது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தா சொன்னார், "நீ பாத்துக்கிட்டு இருந்தியேத்தா."

அவ்வளவுதான் சொன்னார். பயமும் இல்லை, சாக்கும் இல்லை. அவனுக்காகவும் இல்லை. சாணை பிடித்த கத்தியும், அந்த வீட்டு வாசலும், விரல் போன வலியும் எல்லாம் கையில் இருந்தபோது, அவருக்குப் பெரிதாக இருந்தது ஒன்றுதான், தன் மகள் அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவள் ஒருதரம் சாவாள். ஏற்கெனவே எத்தனையோ தரம் செத்தவள். இத்தனை வருஷம் அவரைப் பயந்தவர் என்று ஒரு மூலையில் வைத்திருந்தாளே, எவ்வளவு பெரிய மனுஷனை எவ்வளவு சின்ன இடத்தில். இப்போது பார்த்துக்கொண்டிருப்பது அவர். ஜீவன் பார்க்குது. சபுராவின் கை முதுகிலிருந்து வெளியே வந்தது. கத்தியோடுதான் வந்தது. மறைக்காமல், வெயில் படும்படி, அதைத் தாஜுதீனின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அலகு முழுவதும் அவன் கண்ணில் தெரியும்படி நிதானமாகத் திருப்பிக் காட்டினாள். கிடாய் ரத்தம் கைப்பிடி ஓரத்தில் இன்னும் காயாமல் இருந்தது. அவள் அது வரைக்கும் எதைப் பின்னால் வைத்திருந்தாள், அதற்கு அவன் எவ்வளவு கிட்டே குனிந்து நின்றான் என்பது ஒவ்வொன்றாக அவன் முகத்தில் ஏறியது. மச்சம் ஏறியது, இறங்க மறந்தது.

"பாத்துட்டியா?" என்றாள்.

அவன் கை தானாகப் போய்க் கழுத்தைப் பொத்தியது.

"நல்லாப் பாத்துக்க. கத்தியப் பாத்துட்டா எங்க அத்தா கடையில அன்னைக்கு அறுக்கிறதில்ல. அவுத்து விட்டுருவோம். போ."

வயர் கூடை கீழே விழுந்தது. அதை எடுக்க அவன் குனியவில்லை. குனிகிற தைரியம் இல்லை. வரிசையை முட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் காலை மிதித்து, சந்து முனையைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் அந்த வெள்ளைச் சட்டை போய்க்கொண்டே இருந்தது, நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத ஒரு போக்கில். "கூடைய நான் எடுத்துக்கறேன்த்தா, நல்ல கூடை" என்றாள் பேச்சியக்கா. யாரோ சிரித்தார்கள். பேச்சியக்காவே ஓடிவந்து ஒரு பக்கம் பிடிக்க, சபுரா ஒரு பக்கம் பிடித்து, அத்தாவைத் தூக்கி நாற்காலியில் நேராக உட்காரவைத்தார்கள். தாடையில் ஒட்டியிருந்த கறியைத் துடைத்தாள். அந்தக் கை கட்டையிலிருந்து வரமாட்டேன் என்றது, விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாலு விரல், ஒரு பாதி. எடுத்ததும் அது அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என்ன செய்துவிட இருந்தேன், எங்கே போயிருப்பேன், இவருக்கு யார் சோறு ஊட்டியிருப்பார்கள். அத்தா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் எதையோ தேடியது, உதடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது, அவருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது போல. கிடைத்தது அந்த ஒன்றுதான்.

"சாப்டியா?"

சாப்ட்டேன்த்தா என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. போனில் சொன்னது, வாசலில் சொன்னது, தினமும் சொன்னது. சபுரா அதை விழுங்கினாள். அவர் காலடியில், ரத்தமும் தண்ணீருமாக இருந்த தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இல்லத்தா" என்றாள். "பசிக்குது."